மஞ்சள் சீசன்: பகலில் வெட்டப் போவதா, இரவில் வேக வைக்கப் போவதா?

கேள்வி: வாய்க்கால்மேடு

அனைவருக்கும் வணக்கம். கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கென்று சொந்தக் காடு, தோட்டம் என்று நிலம் எதுவும் கிடையாது. பொங்கல் கழிந்ததும் நானும் என் கணவரும் மஞ்சள் வெட்டுக்குப் போவோம். பங்குனி பாதி வரைக்கும் கிடைக்கிற ஏறக்குறைய 50 நாள் கூலியில்தான் குழந்தைகளின் பள்ளிச் செலவையும் சீட்டுப் பணத்தையும் அடைத்து வருகிறோம்.

இந்த ஆண்டு இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன. எப்போதும் கூப்பிடும் மேஸ்திரி பகல் வெட்டுக்குக் கேட்கிறார். காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, ஆணுக்கு 700 ரூபாய், பெண்ணுக்கு 400 ரூபாய். மஞ்சள் வேக வைக்கும் இயந்திரம் வைத்திருக்கும் இன்னொருவர் இரவு வேலைக்குக் கேட்கிறார். மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை, ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல் ஆளுக்கு 900 ரூபாய், அதோடு இரவுச் சோறும் தேநீரும் உண்டு. இருவரும் இரவுக்குப் போனால் நாளுக்கு 1,800 ரூபாய் வரும். பகலுக்குப் போனால் 1,100 ரூபாய்தான். 50 நாளுக்குக் கணக்குப் போட்டால் 35,000 ரூபாய் வித்தியாசம் என்பதால், எளிதாக வேண்டாம் என்று சொல்லிவிட மனம் வரவில்லை.

வீட்டு நிலையையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்கு 12 வயது, பையனுக்கு 8 வயது. மாமியார் உடன் இருக்கிறார்; பகலில் எல்லாம் பார்த்துக்கொள்வார், ஆனால் கண்புரை இருப்பதால் பொழுது இறங்கிவிட்டால் அவருக்குப் பார்வை சரியாகத் தெரிவதில்லை. என் கணவருக்கு 41 வயது. இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வீடு சிமெண்ட் அட்டை போட்டது. பக்கத்துச் சுவரை ஒட்டி நான்கு விசைத்தறிகள் காலை 8 மணியிலிருந்து ஓடும்.

இருவரும் இரவுக்குப் போகலாமா, ஒருவர் பகலுக்கும் ஒருவர் இரவுக்கும் போகலாமா, அல்லது பழையபடி பகலே போதுமா? இரண்டு வேலையும் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பழைய கொப்பரை

அம்மணி, நான் 22 ஆண்டுகள் மஞ்சள் வேக வைத்தவன். என் அப்பாவோடு இரும்புக் கொப்பரையில் தொடங்கி, பிறகு நீராவி இயந்திரத்துக்கு மாறி, இப்போது ஓய்ந்துவிட்டேன். அதனால் இரவு வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

வேக வைப்பதை ஏன் இரவில் செய்கிறார்கள் என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தோண்டிய மஞ்சளை இரண்டு மூன்று நாளுக்குள் வேக வைத்துவிட வேண்டும் என்பதால், சீசனில் இயந்திரம் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு ஓய்வில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். வெந்த மஞ்சள் விடியும்போது களத்தில் பரப்பியிருந்தால் அன்றைய வெயில் முழுவதும் அதற்குக் கிடைக்கும். மாசி வெயிலில் நெருப்புக்குப் பக்கத்தில் பகலெல்லாம் நிற்பதும் ஆளுக்குத் தாங்காது. வெட்டுவதை இரவுக்கு மாற்ற முடியாததற்கும் காரணம் உண்டு. இருட்டில் கொத்து விழும் இடம் தெரியாமல் கிழங்கு வெட்டுப்பட்டால், அந்த மஞ்சளுக்கு விலை இறங்கிவிடும்.

இரவின் முதல் பாதி சுகமானது என்றே சொல்லலாம். குளிர்ந்த காற்று இருக்கும், நான்கு பேர் பேசிக்கொண்டே வேலை செய்வார்கள், கூடை சுமப்பதும் டிரம்மை நிரப்புவதும் உடம்பைச் சூடாக வைத்திருக்கும். 2 மணிக்கு மேல் எல்லாம் மாறிவிடும். டிரம்மில் நீராவி ஏறுகிற சத்தம் ஒரே சீராக இருப்பதால் அதுவே தாலாட்டு மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில்தான் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை வருகிறது. மஞ்சள் வெந்துவிட்டதா என்று பார்க்க, மேலிருந்து ஒரு விரலியை, அதாவது விரல் போல நீண்ட மஞ்சளை, எடுத்து மழுங்கிய குச்சியால் குத்துவோம்; தடையில்லாமல் இறங்க வேண்டும், விரலால் அழுத்தினால் அமுங்க வேண்டும், பச்சை வாடை போய் அந்த இனிய வெந்த மணம் எழ வேண்டும். கொப்பரையில் இதற்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். நீராவியில் அதைவிட விரைவாக முடிந்துவிடும் என்பதால் கண் அசர நேரமே கிடையாது. கூடுதலாக வெந்தால் நிறம் கெடும், குறைவாக வெந்தால் காய்ந்த பிறகு பொடிந்துபோகும்.

ஒரு மாசி மாதத்தில், பகலில் உறவினர் வீட்டுச் சடங்குக்குப் போய்விட்டுத் தூங்காமல் வேலைக்கு வந்தேன். நான்கு மணி வாக்கில் நின்றபடியே அசந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து உலுக்கியபோது ஒரு டிரம் மஞ்சள் குழைந்திருந்தது. அந்த நட்டத்தை என் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்; அதுகூட எனக்குப் பெரிதில்லை. அதே மயக்கத்தில் நீராவிக் குழாயை அடைக்காமல் மூடியைத் திறக்கக் கை நீட்டிக்கொண்டிருந்தேன் என்று அவர் சொன்னதை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. முகத்துக்கு நேராக அடித்திருக்கும்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். காலை 6 மணிக்கு வீடு திரும்பி, 8 மணிக்குத் தறி ஓடத் தொடங்கி, 11 மணிக்கு அட்டை கொதிக்கத் தொடங்கினால், நீங்கள் எங்கே தூங்குவீர்கள்? எனக்கு ஓட்டு வீடும், வேப்ப மர நிழலில் ஒரு சாளைக் குடிசையும் இருந்தன. அதனால்தான் 22 ஆண்டுகள் ஓட்ட முடிந்தது. என்னோடு வேலைக்கு வந்து இரண்டே சீசனில் விட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு அஞ்சி விடவில்லை; பகலில் தூங்க இடமில்லாமல்தான் விட்டார்கள். தூங்குவதற்கு இடம் இருந்தால் இரவு வேலையைப் பற்றி யோசியுங்கள். இல்லாவிட்டால் அந்த 35,000 ரூபாய்க் கணக்கை மறந்துவிடுங்கள்.

பதில்: அரவைப் பருவம்

தங்கச்சி, நான் கரும்பு ஆலை ஒன்றில் அரவைப் பருவத் தொழிலாளியாகப் பல ஆண்டுகள் ஷிப்ட் பார்த்தவன். வெட்டிய கரும்பு கிடக்கக் கிடக்கச் சர்க்கரைச் சத்து இறங்கும் என்பதால் ஆலையைப் பருவம் முழுவதும் இரவு பகலாக ஓட்டுவார்கள். அங்கே ஒரு ஷிப்ட் 8 மணி நேரம்தான். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால் மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்று இருந்தது. தோட்டத்து வேலையில் அப்படிக் கேட்பதற்கு யாரும் இல்லாததால், கணக்கை நாமே முன்கூட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

உங்களுக்குச் சொன்ன இரவு வேலை 11 மணி நேரம்; பகல் வேலை 7 மணி நேரம். உங்கள் கணவருக்குப் பகலில் மணிக்கு 100 ரூபாய் விழுகிறது. இரவில் 82 ரூபாய்கூட முழுதாக விழவில்லை. அவர் இரவுக்குப் போனால் கூடுதலாக 4 மணி நேரம் உழைத்து 200 ரூபாய் மட்டுமே அதிகம் பெறுகிறார். ஒரு மணிக்கு 50 ரூபாய் என்று ஆகிறது. உங்கள் கணக்கு வேறு. பகலில் உங்களுக்கு மணிக்கு 57 ரூபாய்தான், இரவில் 82 ரூபாய். நீங்கள் சொன்ன 35,000 ரூபாயில் 25,000 ரூபாய் உங்கள் கூலியில் வரும் வித்தியாசம். அவருடையது 10,000 ரூபாய் மட்டுமே.

இதைப் பார்க்கும்போது என் மனதில் படுவது, இரவுக் கூலி அதிகம் என்பதைவிடப் பகலில் பெண்ணுக்குக் கொடுக்கும் கூலி அநியாயமாகக் குறைவு என்பதுதான். கொத்துப் போடுவது ஆண் என்றால், மண்ணை உதறி, வேரைக் களைந்து, விரலியையும் உருண்டைத் தாய்க்கிழங்கையும் தனித்தனியாகப் பிரித்துக் கூடையில் சேர்ப்பது பெண்; குனிந்த முதுகு நிமிராமல் செய்யும் வேலை அது. இரவு வேலைக்கு அழைப்பு வந்திருக்கும் இந்தச் சமயத்தில், உங்கள் ஊர்ப் பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து மேஸ்திரியிடம் உயர்த்திக் கேளுங்கள். ஆள் பற்றாக்குறை இருக்கும் சீசனில் கேட்காவிட்டால் வேறு எப்போதும் கேட்க முடியாது.

இன்னொன்று: ஒருவர் பகலுக்கும் ஒருவர் இரவுக்கும் போகும் யோசனையை நான் ஒரு பருவம் செய்து பார்த்தேன். நானும் என் மனைவியும் வாசலில்தான் பார்த்துக்கொண்டோம். அவள் அடுப்பங்கரைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்துப் போவாள், நான் அதன் கீழே பதில் எழுதுவேன். பணம் வந்தது உண்மை. மறுபடியும் செய்வீர்களா என்று கேட்டால், மாட்டேன்.

பதில்: செவிலி, கோபி வட்டாரம்

நான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் செவிலியர். எனக்கும் இரவுப் பணி உண்டு. உங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொன்ன ஒரு செய்தியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்: உங்கள் கணவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

நம் உடம்புக்குள் பொழுதைக் கணக்கிடும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அது எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் 2017இல் மூன்று அறிவியலாளர்களுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். தூக்கம், உடல் வெப்பம், உண்ட உணவைச் செரித்துச் சர்க்கரையைக் கையாள்வது ஆகிய எல்லாமே அந்த ஒழுங்கின்படி நடக்கின்றன. விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்து, விழிப்பும் அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. மேலே அண்ணன் நான்கு மணிக்கு அசந்ததை அவருடைய கவனக்குறைவாக நான் பார்க்கவில்லை.

சர்க்கரை உள்ளவர் இரவில் சாப்பிட்டுப் பகலில் தூங்கினால் மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாமே இடம் மாறும். சில வகை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பாடு தள்ளிப்போனால் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். கொதிகலன் பக்கத்தில் நிற்கும் எல்லோருக்குமே வியர்த்துக்கொண்டிருக்கும் என்பதால், இவருடைய வியர்வை வேறு காரணத்தால் வருகிறது என்று யாருக்கும் தோன்றாது. நெருப்பும் நீராவியும் இருக்கும் இடத்தில் அந்தத் தடுமாற்றம் மிக ஆபத்தானது. எனவே மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்காமல் அவரை இரவு வேலைக்கு அனுப்ப வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். பகல் வெட்டுக்குப் போனாலும் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. சட்டைப் பையில் இரண்டு வெல்லத் துண்டுகள் இருக்கட்டும்.

உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இரவுப் பணியைப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள காரணங்களில் ஒன்றாக 2007இல் வகைப்படுத்தியது, 2019இல் அதையே மீண்டும் உறுதிசெய்தது. அந்தச் செய்தியைப் படித்து நீங்கள் பயப்பட வேண்டாம். அது ஆண்டுக்கணக்கில் இரவுப் பணி செய்தவர்களைப் பற்றியது, 50 நாள் வேலையைப் பற்றியது அன்று. 50 நாளில் உங்களைத் தாக்கக் கூடியவை தூக்கக் கேடும் விபத்தும் பாம்பும்தான்.

பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை. வெட்டிப் போட்ட மஞ்சள் செடியின் தாள், அதாவது இலையும் தண்டும், குவிந்த இடத்தில் எலி இருக்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது, தடமும் சரியாக இருக்காது. சில மணி நேரம் கழித்து வயிற்று வலியும், இமை தானாக மூடிக்கொள்வதும் தெரியும்போது பொழுது கடந்திருக்கும். ஆகவே இடைவேளையில் சாக்கை விரித்துக் களத்தில் படுக்கவே கூடாது. கட்டில் இல்லையென்றால் வண்டியின் மேல் படுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள், அரசு மருத்துவமனையில் நஞ்சுமுறி மருந்து இலவசம். நீராவி பட்டுவிட்டால் 20 நிமிடம் குளிர்ந்த நீரைப் புண் மேல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; கையில் மஞ்சள் இருக்கிறதே என்று அரைத்துப் பூசிவிடாதீர்கள்.

ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாற்றி மாற்றி வைக்க யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உடம்பு ஒன்றுக்குப் பழகும் முன்னே மற்றது வந்துவிடும். இரவென்றால் இரவாகவே முடிக்க வேண்டும்.

பதில்: மல்லிகைக் கூடை

அம்மணி, நான் சத்தியமங்கலத்துப் பக்கம் மல்லிகை பறிக்கிறவள். பகல் வெட்டுக்கும் இரவு வேலைக்கும் நடுவே இன்னொரு வழி இருப்பதை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மல்லிகை மொட்டு விரியும் முன்னே பறித்துக் காலையிலேயே சந்தைக்குப் போக வேண்டும் என்பதால், நாங்கள் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவோம். எட்டு மணிக்கு முன்னாலேயே படுத்து, இரண்டரைக்கு எழுந்தால் ஆறு மணி நேரத் தூக்கம் இரவிலேயே கிடைத்துவிடுகிறது. மதியம் சோற்றுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கண் மூடினால் போதும். பகல் தூக்கத்தை நம்பி வாழ்வதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எங்கள் வீடும் அட்டை வீடுதான்.

பனிக்காலத்தில் பூ வரத்து குறைந்துவிடும். அப்போது நானும் மஞ்சள் களத்துக்குப் போயிருக்கிறேன். அங்கே வேக வைக்கும் ஆட்கள் வேறு, களத்தில் பரப்பும் ஆட்கள் வேறு. ஆவி பறக்கக் கொட்டும் மஞ்சளை ஓர் இடத்தில் குவியவிடாமல் சீராகப் பரப்ப வேண்டும்; முந்தைய நாள்களில் வெந்து, இரவில் கூட்டி மூடி வைத்ததைப் பிரித்து மறுபடி பரப்ப வேண்டும்; வெயில் ஏறியதும் ஒரு முறை புரட்ட வேண்டும். ஒவ்வொரு மஞ்சளுக்கும் 10 நாளிலிருந்து 15 நாள் வரை இந்த வேலை இருக்கும். மூன்று மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடித்துவிடலாம். கொதிகலன் பக்கம் போகவே தேவையில்லை. இயந்திரக்காரரிடம் அந்த வேலைக்குப் பெண்கள் வேண்டுமா என்று கேளுங்கள்.

ஆனால் நிபந்தனை பேசாமல் போகாதீர்கள். போக வர வண்டி அவர்களே விட வேண்டும், குறைந்தது மூன்று பெண்களாவது சேர்ந்து இருக்க வேண்டும், களத்தின் நான்கு மூலையிலும் வெளிச்சம் இருக்க வேண்டும், ஒதுங்குவதற்கு மறைவான இடம் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கேட்க நாம் கூச்சப்படுகிறோம். நான் கூச்சப்பட்டு ஒரு சீசன் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்து, நீர்க்கடுப்பு வந்து மருத்துவமனைக்கு அலைந்தேன். முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மறுமொழி: வாய்க்கால்மேடு

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாளாக இதையே பேசிக்கொண்டிருந்தோம். மணிக்கணக்கில் கூலியைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் எழுதியதை என் கணவரிடம் படித்துக் காட்டியபோது அவரே, தாம் பகலுக்கே போவதாகச் சொல்லிவிட்டார். மருத்துவரையும் பார்த்தோம், அவருடைய மாத்திரை, சாப்பாடு தவறக் கூடாத வகைதான் என்று சொன்னார். வெயில் ஏறும் முன்னே முடித்துக்கொள்ள 6.30 மணிக்குத் தொடங்கி 1.30 மணிக்கு விடும்படி மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார்; மற்ற ஆட்களும் அதையே விரும்புவதால் ஒப்புக்கொள்வார் போலத் தெரிகிறது. பெண்களின் கூலியை 450 ரூபாய்க்கு மேல் ஏற்ற மாட்டேன் என்று நிற்கிறார். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

நான் இயந்திரக்காரரிடம் களத்து வேலையைக் கேட்டேன். காலை 3 மணி முதல் 10 மணி வரை, 550 ரூபாய். எங்கள் ஊரிலிருந்து நான்கு பெண்கள் போகிறோம், 2.30 மணிக்கு டெம்போ வாய்க்கால் பாலத்துக்கு வரும். நான் கிளம்பும்போது அவர் வீட்டில் இருப்பார், அவர் கிளம்பும்போது விடிந்துவிடும், மாமியாருக்குக் கண் தெரியும் நேரம் அது. குழந்தைகளுக்கு வேண்டியதை இரவே செய்து வைத்துவிடலாம். இருவருக்கும் சேர்த்து 1,250 ரூபாய். இரவு வேலைக்குக் கிடைக்கும் 1,800 ரூபாய்க்கு இது ஈடாகாது என்று தெரிந்துதான் எடுக்கிறோம். மறைவிடம் கேட்டபோது அவர் சற்றுத் திகைத்தார். பிறகு தோட்டத்துச் சாளையின் பின்பக்கம் தட்டி கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தலைவிளக்கு ஒன்றும், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு சோடியும் வாங்கிவிட்டேன். பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக இருக்கிறது. துணி சுற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

பதில்: மல்லிகைக் கூடை

துணி சுற்ற வேண்டாம் அம்மணி, ஈரமானால் அவிழ்ந்து கால் இடறும். கனமான காலுறையை இரண்டு அடுக்காகப் போடுங்கள். ஒவ்வொரு நாளும் காலை நுழைக்கும் முன்னே பூட்ஸைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிடுங்கள். போன ஐப்பசியில் என்னுடையதிலிருந்து ஒரு தேள் விழுந்தது.